காது மட்டும் ஷார்ப்

ஊதாக்காவுக்கு ஊதா நிறத்தைக் கண்டாலே ஆகாது. கத்தரிக்காய் வாங்கினால்கூட வெள்ளையாகத் தேடிப் பொறுக்குவாள். விவரம் தெரியாத யாரோ ஒருமுறை பிறந்தநாளுக்கு ஊதாக் குடை பரிசளித்துவிட்டார்கள். அன்றைக்கென்று அடைமழை. அந்தக் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தொப்பலாக நனைந்தே வீடு வந்து சேர்ந்தாள். அப்படிப்பட்டவளுக்கு ஊதாக்கா என்று பெயர் வைத்தவன் ஆல்பம் அச்சடித்துக் கொடுக்கும் லேப்காரன். நாசமாய்ப் போனவன், வைத்த பெயர் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. இப்போது கடைத்தெருவில் அவளுடைய நிஜப் பெயரைச் சொல்லி விசாரித்தால், அப்படி யாரும் இங்கே இல்லையே என்பார்கள்.

பெயருக்குக் காரணம் அவளில்லை, அவள் கட்டிக்கொண்ட மனிதர். போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: ஒன் பாயின்ட் டூ. அவருடைய லென்ஸின் மேல் பொறித்திருக்கும் எண் அது. அதைப் பற்றிக் கேட்டவர், கேட்காதவர், பாஸ்போர்ட் படத்துக்கு அவசரமாக வந்து நிற்பவர் என்று எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி, கடைசியில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது.

விஷயம் இதுதான். லென்ஸுக்குள் வெளிச்சம் நுழைய ஒரு துளை இருக்கும். எண் குறையக் குறையத் துளை பெரிசு. மற்றவர்கள் வைத்திருக்கும் லென்ஸின் துளை ஜன்னல் என்றால் இவருடையது வாசல் கதவு. அரை இருட்டிலும் படம் விழும், முகத்துக்குப் பின்னால் இருப்பதெல்லாம் வெண்ணெயாக உருகி அழகாகத் தெரியும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. கதவை முழுக்கத் திறந்து வைத்தால் ஒரு முகத்தில் விரற்கடை ஆழம்தான் தெளிவாக இருக்கும். கண்ணைப் பிடித்தால் மூக்கு நுனி மங்கும், காது கரையும். துளி பிசகினால் கண் போய்விடும், காது மட்டும் பளிச்சென்று நிற்கும். போதாக்குறைக்கு வெளிச்சம் படுகிற விளிம்புகளில் எல்லாம் நிறம் கசியும். தெளிவான இடத்துக்கு முன்னால் இருக்கும் விளிம்பில் ஊதா, பின்னால் இருக்கும் விளிம்பில் பச்சை. நரைமுடி, மூக்குக்கண்ணாடி, வெள்ளைச் சட்டைக் காலர், கம்மல் என்று ஒன்றையும் விட்டுவைக்காது.

அந்த ஊதாவைத் துடைப்பதுதான் ஊதாக்காவின் வேலை. ஸ்டுடியோவின் முன்னறையில் அவர் படம் எடுப்பார். ஒரு கறுப்புத் திரை. திரைக்குப் பின்னால் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே அவளும் அவளுடைய கம்ப்யூட்டரும். ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, முடி முடியாக, விளிம்பு விளிம்பாக ஊதாவைத் துடைப்பாள். அவசரப்பட்டுத் துடைத்தால் உதட்டுச் சாயமும் சேர்ந்து போய்விடும், மணப்பெண் நோயாளி மாதிரி ஆகிவிடுவாள். பொறுமை வேண்டும். பொறுமை அவளிடம் உண்டு, ஆனால் அது கைக்கு மட்டும்தான், வாய்க்குக் கிடையாது.

"வீட்ல கழட்டிப் போடற சட்டையை எடுக்கறதும் நான், போட்டோல விட்டுட்டு வர்ற ஊதாவை எடுக்கறதும் நான். எனக்குன்னு வாய்ச்சிருக்கு பாரு!"

"அந்தத் துளையைக் கொஞ்சம் சுருக்கி வெச்சு எடுங்களேன்" என்று அவள் சொல்லாத வாரம் இல்லை. சுருக்கினால் ஊதாவும் குறையும், கண்ணோடு காதும் தெளிவாகும். அது அவருக்கும் தெரியும். ஆனால் மனிதர் கேட்பாரா?

"வாசக்கதவு இருக்கறப்ப ஜன்னல் வழியா ஏறிக் குதிக்கச் சொல்றியா?" என்பார்.

லென்ஸ் பழையது. தானாக ஃபோகஸ் ஆகாது, வளையத்தைக் கையால் திருகித்தான் பிடிக்க வேண்டும். அவர் திருகிப் பிடிப்பார், பிறகு பட்டனை அழுத்துவார். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கண் சிமிட்டும் நேரம்தான். அந்த நேரத்தில் உடம்பு கொஞ்சம் பின்னால் சாய்ந்தால் தெளிவு மூக்கு நுனிக்கு வந்துவிடும், கண்ணிமையில் பச்சை அடிக்கும். முன்னால் சாய்ந்தால் தெளிவு காதுக்குப் போய்விடும், இமையில் ஊதா அடிக்கும். இதைத் துடைத்துத் துடைத்தே ஊதாக்காவுக்கு ஒரு வித்தை கைவந்துவிட்டது. திரைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே முன்னறையில் நடந்ததைச் சொல்லிவிடுவாள்.

"ஏங்க, நேத்து வந்தாரே பேங்க் மேனேஜர், அவர் வெங்காயம் தின்னுட்டு வந்தாரா?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கெப்படித் தெரியும்? நீ வெளியவே வரலையே!"

"இமையில பச்சை அடிச்சிருக்கே. ஃபோகஸ் பிடிச்சுட்டு அப்புறம் பின்னால சாஞ்சிருக்கீங்க. மூச்சு விட முடியாமதானே?"

"வெங்காயம் இல்லம்மா. பூண்டு" என்றார் அவர்.

ஆனால் ஒன் பாயின்ட் டூ மோசமான போட்டோகிராபர் என்று நினைத்துவிடாதீர்கள். பூண்டு வாசனை எப்போதாவது ஒருநாள். மற்றபடி வெளியாட்களை எடுக்கும்போது தூண் மாதிரி நிற்பார். எந்தக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினாலும் மணப்பெண்ணின் இமை முடியை எண்ணிவிடலாம். பக்கத்துத் தெருக்காரர்கள் எல்லாம் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வம்பு முழுக்க வீட்டு ஆட்களை எடுக்கும்போதுதான்.

மகளின் சின்ன வயசுப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பல் விழுந்தபோது ஒரு படம், அதில் காது. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டபோது ஒரு படம், அதிலும் காது. பள்ளிக்கூட நாடகத்தில் ராணி வேஷம் கட்டினாள். படத்தில் கிரீடம் மங்கல், முகம் மங்கல், காது மட்டும் ராஜகம்பீரமாக நிற்கிறது. அந்தப் பெண் வளர்ந்த கதையைக் காதை வைத்துத்தான் பின்தொடர வேண்டும். கேட்டால், வெயில் சரியில்லை, நீ ஆடிவிட்டாய், லென்ஸுக்கு வயசாகிவிட்டது என்று அன்றைக்கு வாயில் வருகிற ஒரு காரணத்தைச் சொல்வார்.

ஊதாக்காவின் படங்களும் அதே லட்சணம்தான். கல்யாணமான புதிதில் அவளை ஜன்னலோரம் நிற்கவைத்து ஆசை ஆசையாக ஒரு படம் எடுத்தார். கழுவிக் கொண்டுவந்து காட்டினார். முகம் புகைக்குள் நிற்கிறது, இமையில் ஊதா, காது மட்டும் செதுக்கி வைத்ததுபோல்.

"காது ரொம்ப அழகா இருந்துச்சு. அதான் காதை எடுத்தேன்" என்று சமாளித்தார்.

"எனக்கே காது குத்தறீங்களா?" என்றாள் அவள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றது. அதற்குப் பிறகு எடுத்ததெல்லாமும் அப்படியே வரவும் அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். ஊராருக்கு என்றால் தூணாக நிற்கிற மனிதருக்கு, பெண்டாட்டி என்றால் ஏனோதானோ. காசு கொடுக்கிறவளுடைய கண்தான் கண், என்னுடையது இளக்காரம். இதை அவள் அவரிடம் சொன்னதில்லை. கேமரா தன் பக்கம் திரும்பினால் கையில் கிடைத்த தட்டையோ தலையணையையோ எடுத்து முகத்தை மறைத்துக்கொள்வாள், அவ்வளவுதான். அவரும் பிறகு விட்டுவிட்டார்.

மகள் படித்து முடித்தாள், வேலைக்குப் போனாள், அங்கே ஒருவனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. நல்ல பையன். இரண்டு வீட்டாருக்கும் சம்மதம். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம், அதன்பின் ஒரு சாப்பாடு, போதும் என்று பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது ஒன் பாயின்ட் டூ பெருமையாக ஆல்பத்தை எடுத்து மடியில் வைத்தார். அவன் மரியாதையாக ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். போகப் போக அவன் முகத்தில் கவலை கூடிக்கொண்டே போனது. கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"சின்ன வயசுல காதுல ஏதாவது பிரச்சினையா அங்கிள்? டாக்டர்கிட்ட காட்டறதுக்கு எடுத்த மாதிரி இருக்கு."

மகள் சிரித்துச் சிரித்து சோபாவிலிருந்து கீழே விழுந்தாள். ஊதாக்கா சமையலறைக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒன் பாயின்ட் டூவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

சிரிப்பு அதோடு போயிருந்தால் சரி. மறுவாரம் மகள் சாப்பாட்டு மேஜையில் மெதுவாக ஆரம்பித்தாள். "அப்பா, தப்பா நெனச்சுக்காதீங்க. கல்யாணத்துக்கு நீங்க போட்டோ எடுக்க வேண்டாம். எங்க ஆபீஸ்ல தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார். தாடி வெச்சிருப்பாரு, நல்லா எடுப்பாரு. அவர் கேமரா தானாவே கண்ணைக் கண்டுபிடிச்சு ஃபோகஸ் பண்ணிடும். நீங்க ஃப்ரீயா என் பக்கத்துல நில்லுங்க."

"கேமராவே கண்ணைக் கண்டுபிடிச்சுட்டா மனுஷன் எதுக்கு? ஒரு ஸ்டாண்ட் போதுமே" என்றார் அவர். வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தார், குரல் ஒத்துழைக்கவில்லை.

சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு முன்னறைக்குப் போய் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்த லென்ஸ். ஊதாக்கா பின்னாலேயே போனாள்.

"ஊர்ல யார் வீட்டுக் கல்யாணம்னாலும் நான்தான் எடுத்தேன்" என்றார் அவர், அவளைப் பார்க்காமல். "அவ பொறந்ததுலேர்ந்து நெனச்சுக்கிட்டிருந்தேன், இவ கல்யாணத்தை எப்படி எடுக்கறதுன்னு. வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து வரணும், எங்க நிக்கணும், எல்லாம். இப்ப என்னை ஓரமா நின்னு வேடிக்கை பாருங்கறா."

மகள் கேட்பதிலும் தப்பில்லை. வாழ்நாளுக்கும் ஒரே ஒரு கல்யாணப் படம், அதிலும் காதுதான் தெரியவேண்டுமா? இந்த மனிதரின் முகத்தையும் பார்க்க முடியவில்லை. ஊதாக்கா மகளிடம் போய்ப் பேரம் பேசினாள். கடைசியில் மகள் இறங்கி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை அடைத்திருக்கும் நேரம், ஒரே ஒரு படம். கண் தெளிவாக வந்தால் அப்பாதான். காது வந்தால் தாடி.

ஞாயிறு வந்தது. எடுத்த எடுப்பில் லென்ஸின் மேல் பழி போட முடியாதபடி ஊதாக்கா ஒரு சோதனை வைத்தாள். மேஜைமேல் இரும்பு ஸ்கேலைச் சாய்த்து வைத்து, நடுக்கோட்டைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தார். நடுக்கோடு கத்தி மாதிரி நின்றது, முன்கோடுகளில் ஊதா, பின்கோடுகளில் பச்சை, கச்சிதம். லென்ஸுக்கு ஒரு நோயும் இல்லை. அடுத்து பக்கத்துக் கடை டெய்லரைக் கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். டெய்லர் அப்படியொன்றும் அழகர் இல்லை. ஆனால் அவருடைய இமை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

"பார்த்தியா? கை ஆடல, கண்ணு போகல" என்று ஒன் பாயின்ட் டூ மார்பை நிமிர்த்தினார்.

மகள் உட்கார்ந்தாள். வழக்கமாகத் திரைக்குப் பின்னாலேயே கிடக்கிற ஊதாக்கா அன்று நடுவர் என்பதால் வெளியே வந்து பக்கவாட்டில் நின்றாள். இத்தனை வருஷத்தில் அவர் மகளைப் படம் எடுப்பதை அவள் ஓரமாக நின்று பார்த்ததே இல்லை. குழந்தையாக இருந்தபோது ஆடாமல் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது, வளர்ந்த பிறகு துடைக்க வேண்டியிருந்தது.

"சிரிக்காத. நேரா என்னைப் பாரு" என்றார். வளையத்தைத் திருகினார், கண்ணைப் பிடித்தார். மகள் முறைப்பாகத்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அப்பாவின் நாக்கு லேசாக வெளியே துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அவளுக்கு அடக்க முடியவில்லை. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள், பல் விழுந்த வயசில் சிரித்த அதே சிரிப்பு.

அவ்வளவுதான். தூணாக நின்ற மனிதரின் குதிகால் இரண்டும் தரையை விட்டு எழும்பின. தோள் முன்னால் போயிற்று, தலை முன்னால் போயிற்று, கேமராவும் கூடவே போயிற்று. கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பவர்போல் மகளை நோக்கிச் சாய்ந்துகொண்டே பட்டனை அழுத்தினார். அழுத்திய கையோடு மறுபடி நிமிர்ந்து தூணாகிவிட்டார். சாய்ந்தது அவருக்கே தெரியாது.

அட மனுஷா என்று ஊதாக்கா வாய்விட்டே சொல்லிவிட்டாள். யாரும் கவனிக்கவில்லை, எல்லாரும் கம்ப்யூட்டருக்கு ஓடியிருந்தார்கள். பெரிதாக்கிப் பார்த்தார்கள். இமை முழுக்க ஊதா. காதின் மேலிருக்கும் பூனைமுடிகூடத் தெளிவாகத் தெரிந்தது.

மகள் மெதுவாகப் படத்தைச் சிறிதாக்கினாள். அவரே சொன்னார், "தாடியையே வரச் சொல்லும்மா." லென்ஸைக் கழற்றித் தோல்பைக்குள் போட்டு, அலமாரியில் கம்பளிகளுக்கு அடியில் திணித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அன்று சாயங்காலம் சமையலறையில் ஊதாக்கா மகளின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அடியே, உங்க அப்பாவுக்குக் கண்ணும் சரியாத்தான் இருக்கு, கையும் சரியாத்தான் இருக்கு. நீ சிரிச்சா அவரால நின்ன எடத்துல நிக்க முடியல. உன்னைத் தூக்கறதுக்கு ஓடி வருவாரே, சின்னப் புள்ளையில, அந்த மாதிரி முன்னால வர்றாரு. அதான் காது."

மகள் அப்படியே நின்றாள். "அப்ப அந்த ஆல்பம் பூராவும்?"

"பூராவும் ஊதாதானே. நான்தானே துடைச்சேன்."

மகளின் கண் நிறைந்துவிட்டது. "தாடிக்குச் சொல்லியாச்சேம்மா. இப்ப என்ன பண்றது?"

"தாடி பாட்டுக்கு வரட்டும். கையெழுத்துப் போடறப்ப மட்டும் அப்பாவை எடுக்க விடு. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

அவரிடமும் விஷயத்தைச் சொல்லிப் பார்த்தாள். ஒத்துக்கொண்டால்தானே!

"நானாவது முன்னால சாயறதாவது! தொழில்ல எனக்கு எத்தனை வருஷ அனுபவம்! நான் தூண் மாதிரி நிக்கறவன்டி" என்று குதித்தார், குதிகாலை உயர்த்தி எம்பி எம்பி. இவரிடம் பேசிப் பயனில்லை என்று ஊதாக்கா தன் வழியில் போனாள். அலமாரியிலிருந்து லென்ஸை எடுத்து, கேமராவோடு சேர்த்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பதிவு அலுவலகம் மாடியில் இருந்தது. மஞ்சள் பூசி மங்கிப்போன சுவர், ஒரு மேஜை, அதன்மேல் மைப்பெட்டி, மேலே விட்டு விட்டு எரிகிற டியூப்லைட். அதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால், எப்போதோ அந்த அலுவலகத்தைத் திறந்து வைத்த ஒரு பெரிய மனிதரின் படம், கண்ணாடிச் சட்டத்துக்குள்ளிருந்து எல்லாரையும் முறைத்துக்கொண்டிருந்தது. ஃப்ளாஷ் அடிக்கக்கூடாது என்று அதிகாரி முதலிலேயே சொல்லிவிட்டார், அவருக்குத் தலைவலி. தாடி பயப்படவில்லை, அவனுடைய கேமராதான் தானே கண்ணைக் கண்டுபிடிக்குமே.

மகள் பேனாவை எடுத்ததும் ஊதாக்கா கைப்பையைத் திறந்து கேமராவையும் லென்ஸையும் நீட்டினாள். ஒன் பாயின்ட் டூ அதைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். மகள் தலையை ஆட்டினாள். பிறகு அவரைப் பிடிக்க முடியுமா? லென்ஸை மாட்டி, அதன் கதவை முழுக்கத் திறந்து, கேமராவைக் கண்ணில் வைத்தார். அடுத்த கணம் அவருக்குப் பின்னால் போய் நின்ற ஊதாக்கா, இரண்டு கையாலும் அவருடைய பெல்ட்டைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை அங்கிருந்த ஃபைல் அலமாரியில் ஊன்றிக்கொண்டாள்.

"ஏய், என்னடி பண்றே? மானம் போகுது!"

"மானம் போனாப் போகட்டும், கண்ணு போகக்கூடாது. நீங்க எடுங்க."

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் அதிகாரி, தலையைத் தூக்காமலே, வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார். "இந்தக் கல்யாணத்துல யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

பதில் வராததால் நிமிர்ந்து பார்த்தார். பெண்ணின் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு மேஜையை நோக்கித் திமிறுகிறார். ஒரு அம்மாள் அவரைப் பின்னாலிருந்து உயிரைக் கொடுத்து இழுத்துப் பிடித்திருக்கிறாள். அதிகாரி முத்திரையைக் கீழே வைத்துவிட்டார். வாசலில் நின்ற காவலாளி ஒரு எட்டு உள்ளே வந்தார். மாப்பிள்ளையின் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஐயா, அவசரப்படாதீங்க" என்றார் அதிகாரி. "உங்களுக்கு இதுல இஷ்டம் இல்லைன்னா எதுவா இருந்தாலும் உக்காந்து பேசலாம்."

"ஐயோ சார், ரொம்ப இஷ்டம்!" என்று ஊதாக்கா கத்தினாள். "அதனாலதான் பிடிச்சிருக்கேன்!"

அறையே சிரித்தது. காவலாளி சிரித்தார், தலைவலிக்கார அதிகாரியும் சிரித்தார். மகள் பேனாவும் கையுமாக நிமிர்ந்து, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்து அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். அவ்வளவுதான், குதிகால் எழும்பியது. ஊதாக்காவின் கையில் ஒரு இழுப்பு வந்து விழுந்தது. இந்த வயசில், இந்த உடம்பில் இவ்வளவு பலம் எங்கே இருந்தது என்று அவளுக்கே ஆச்சரியம். மொத்த எடையையும் போட்டுப் பின்னால் சாய்ந்தாள். கிளிக்.

அடுத்த நொடி பெல்ட்டின் கொக்கி தெறித்தது. அவர் வில்லிலிருந்து விட்ட அம்பு மாதிரி மேஜையைச் சுற்றிக்கொண்டு மகளிடம் போய்ச் சேர்ந்தார். ஒரு கையில் கேமரா, மறுகையில் நழுவும் பேன்ட், கட்டிக்கொள்ளக் கை இல்லை. மகள்தான் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். ஊதாக்கா அறுந்த பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். மாப்பிள்ளைக்கு எதுவும் புரியவில்லை, ஆனாலும் அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

தாடி நல்ல பையன், உள்ளதை மறைக்கவில்லை. படியில் இறங்கும்போதே தன் கேமராவைக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தான். மற்ற படமெல்லாம் அருமையாக வந்திருந்தது. அந்த ஒரு நேரத்தில் மட்டும் எல்லாரும் சிரித்து அசைந்ததில் அவனுடைய கேமரா குழம்பிப்போய், அசையாமல் முறைத்துக்கொண்டிருந்த சுவர்ப் படத்துப் பெரிய மனிதரின் கண்ணைக் கண்டுபிடித்துவிட்டது. அவருடைய புருவ முடிகூடத் தெளிவு. மணப்பெண் அவருக்கு முன்னால் ஒரு மேகம்.

மறுநாள் ஊதாக்கா திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, அவர் எடுத்த படத்தைத் திறந்தாள். பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். மகளின் கண்கள் இரண்டும் அவளையே பார்த்தன. இமையில் ஊதாவும் இல்லை, பச்சையும் இல்லை. கண்ணோரம் திரண்டு நின்ற ஈரம்கூடத் தெரிந்தது. காது அழகாகக் கரைந்துபோயிருந்தது. துடைக்க ஒன்றும் இல்லாமல் மவுஸைப் பிடித்தபடி சும்மாவே உட்கார்ந்திருந்தாள், பிறகு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த படத்துக்குத் தள்ளினாள்.

அடுத்த படத்தில் அவளே இருந்தாள்.

எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை. அலுவலக மாடிப்படி. கையில் அறுந்த பெல்ட்டோடு, தலை கலைந்து, தாடி காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அந்த நேரத்தில் அவரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. முகம் மங்கல். இமை முழுக்க ஊதா. காது மட்டும், கம்மலின் திருகாணி வரைக்கும், பளிச்சென்று இருந்தது.

பழக்கதோஷத்தில் கை துடைப்பானை எடுத்துவிட்டது. இமைவரை போய் நின்றது.

பச்சை என்றால் பின்னால் சாய்ந்தார் என்று அத்தனை பேர் விஷயத்திலும் கண்டுபிடித்துச் சொன்னவள், ஊதா என்றால் என்ன என்று மகள் விஷயத்தில் கண்டுபிடித்தவள், தன் விஷயத்தில் மட்டும் இத்தனை வருஷமாகக் கோட்டை விட்டிருக்கிறாள். ஜன்னலோரம் நின்ற புதுப்பெண்ணின் இமையிலும் இதே ஊதாதான். அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொன்றிலும் இதே ஊதாதான். இளக்காரம் என்று நினைத்தோமே, தட்டை எடுத்து முகத்தை மறைத்தோமே என்று அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க."

அவர் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். கம்ப்யூட்டரில் இருந்த படத்தைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது. "இது... படிக்கட்டுல வெளிச்சம் சரியில்ல. லென்ஸுக்கும் வயசாயிடுச்சு போல..."

"லென்ஸுக்கு ஒண்ணும் ஆகல. வாயை மூடிக்கிட்டு இங்க உக்காருங்க" என்று பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள். எதற்கு அழுகிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

எல்லாப் படங்களும் லேபுக்குப் போயின. சாயங்காலம் போன் வந்தது.

"ஊதாக்கா, பொண்ணு படம் சூப்பரா இருக்கு. கடைசிப் படத்துலதான் ஊதாவைத் துடைக்க மறந்துட்டீங்க. உங்க படம்தான், படியில நிக்கறது. கண்ணு போயிடுச்சு, காது மட்டும்தான் ஷார்ப்பு. அந்தப் படத்தையே எடுத்துடவா?"

"அதுல கை வெச்சே, உன்னைத் தொலைச்சுடுவேன்" என்றாள் ஊதாக்கா. "அப்படியே பிரின்ட் போடு. இருக்கறதுலயே பெரிய சைஸ்ல போடு."